அரைப் பென்னிக்காக அழுத சிப்பாய்

ஆங்கில இலக்கணத்தை ஏழைகள் கையில் கொடுத்த வில்லியம் காபெட்டின் கதை

இங்கிலாந்தில் சாட்டம் என்று ஓர் ஊர். அங்கே ஒரு பட்டாளக் கொட்டடி.

குளிர்கால இரவு. விளக்குக் கிடையாது. கணப்பில் எரியும் நெருப்புதான் வெளிச்சம். அந்த வெளிச்சத்தின் அருகே உட்காரவும் முறை உண்டு. சுற்றிலும் சிப்பாய்கள் பாடுகிறார்கள், சிரிக்கிறார்கள், சீட்டியடிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள்.

அந்தக் கூச்சலின் நடுவே, கட்டிலின் ஓரத்தில் ஒரு சிப்பாய் உட்கார்ந்திருக்கிறான். வயது இருபத்தொன்று. மடியில் ஒரு பலகை. அதுதான் அவனுக்கு மேஜை. முதுகில் சுமக்கும் மூட்டைப் பைதான் புத்தக அலமாரி. அவன் எதையோ எழுதுகிறான். எழுதியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்க்கிறான்.

அவன் எழுதியது காதல் கடிதம் அல்ல, ஆங்கில இலக்கணம்!

பட்டாளத்தில் அப்போது நாள் ஒன்றுக்குச் சம்பளம் 6 பென்னி. சாப்பாட்டுக்கும் மற்றச் செலவுக்கும் போக, வாரக் கடைசியில் மிஞ்சுவது 2 பென்னிதான். பேனாவும் காகிதமும் வாங்க வேண்டுமானால் ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும். அவன் குறைத்தான். பசியோடு படித்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை. எப்படியோ மிச்சம் பிடித்து அரைப் பென்னி சேர்த்து வைத்திருந்தான். காலையில் எழுந்ததும் புகைபோட்ட மீன் ஒன்று வாங்கித் தின்ன வேண்டும் என்று ஆசை. இரவு உடையைக் கழற்றும்போது பார்த்தான். காசைக் காணோம்! எங்கேயோ விழுந்துவிட்டது. வயிற்றிலோ தாங்க முடியாத பசி. கந்தலான போர்வைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு சின்னக் குழந்தையைப் போல் அழுதான் அந்தச் சிப்பாய்.

யார் அவன்? பிற்காலத்தில் மந்திரிகளின் தவறுகளை எடுத்துக்காட்டி நாட்டையே சிரிக்க வைத்த வில்லியம் காபெட்தான் அவன்.

உழவன் மகன்

சரே மாவட்டத்தில் உள்ள பார்னம் என்ற ஊரில் 1763-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் தேதி காபெட் பிறந்தார். பாட்டனார் கூலி வேலை செய்தவர். தந்தை சிறு விவசாயி. ஒரு மதுக்கடையும் நடத்தி வந்தார்.

பள்ளிக்கூடப் படிப்பு என்று சொல்லும்படி காபெட்டுக்கு எதுவும் இல்லை. எழுதப் படிக்கத் தந்தை கற்றுக்கொடுத்தார். சிறுவனாக இருந்தபோது அவன் செய்த முதல் வேலை, விதைத்த வயலில் பறவைகளை ஓட்டுவது. கொஞ்சம் வளர்ந்ததும் தோட்ட வேலைக்குப் போனான்.

பதினொரு வயது இருக்கும். கியூ என்ற இடத்தில் மன்னரின் தோட்டம் மிக அழகாக இருக்கும் என்று ஒரு தோட்டக்காரர் சொன்னதைக் கேட்டான். மறுநாள் காலை யாரிடமும் சொல்லவில்லை. கையில் இருந்த ஆறரைப் பென்னியோடு நடந்தே புறப்பட்டுவிட்டான்.

மாலையில் ரிச்மண்ட் ஊருக்குள் நுழைந்தபோது மிச்சம் இருந்தது 3 பென்னி. இரவுச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த காசு அது. நீல நிற முரட்டு அங்கி, முழங்காலுக்குக் கீழே சிவப்பு நாடா. இந்தக் கோலத்தில் கடைத்தெருவில் நடந்தவன், ஒரு புத்தகக் கடையின் ஜன்னலைப் பார்த்து நின்றுவிட்டான். உள்ளே சுவிப்ட் எழுதிய ஒரு சிறு புத்தகம். விலை 3 பென்னி.

சாப்பாடா, புத்தகமா?

புத்தகத்தை வாங்கினான். வயலில் ஒரு வைக்கோல் போரின் ஓரத்தில் உட்கார்ந்து, இருட்டும் வரை படித்தான். பாதிதான் புரிந்தது. ஆனாலும் பசி மறந்தது. புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு அங்கேயே தூங்கினான்.

கியூ தோட்டத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. ஒரு நாள் அவன் புல்தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, அந்த வழியே வந்த இளவரசர்கள் அவனுடைய உடையைப் பார்த்துச் சிரித்தார்களாம். பெரியவனான பிறகும் காபெட் அதை மறக்கவில்லை.

வாயில் இலக்கணம், தோளில் துப்பாக்கி

1783-இல் அவர் திடீரென்று லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. இருட்டறையில் நாள் முழுவதும் பிரதி எழுதுவது அவருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார்.

சாட்டத்தில் படைத்தலைவராக இருந்தவர் கர்னல் டெபீக். காபெட்டின் கையெழுத்து நன்றாக இருந்ததால், தம் கடிதங்களைப் பிரதி எடுக்கச் சொன்னார். கையெழுத்து அழகுதான். ஆனால் எழுத்தில் பிழைகள் இருந்தன. இலக்கணம் படித்தால் முன்னுக்கு வரலாம் என்று கர்னல் புத்தி சொன்னார்.

பாதிரியார் ராபர்ட் லௌத் 1762-இல் எழுதிய இலக்கண நூல் அப்போது பெயர் பெற்றிருந்தது. அது அறிஞர்களுக்கு ஏற்ற நூல். தோட்டத்தில் வேலை செய்தவனுக்கு எப்படிப் புரியும்? முதலில் ஒன்றும் புரியவில்லை. அதற்காகக் காபெட் புத்தகத்தைத் தூக்கி எறியவில்லை. முழு நூலையும் கையாலேயே இரண்டு மூன்று தடவை பிரதி எடுத்தார். பிறகு மனப்பாடம் செய்தார். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை ஒப்பிப்பார். காவல் நிற்கும் நேரத்தில், துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு முழு நூலையும் ஒரு முறை வாய்க்குள் சொல்லி முடிப்பார்.

அந்தப் படிப்பு வீண் போகவில்லை. அவருடைய படைப்பிரிவு வட அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. கணக்கு, அறிக்கை, கடிதம் எல்லாவற்றையும் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதிகாரிகளே அவரை நம்பி இருந்தார்கள். முப்பது சார்ஜெண்டுகளைத் தாண்டி அவர் சார்ஜெண்ட்-மேஜர் ஆனார்.

150 கினி

நியூ பிரன்சுவிக்கில் இருந்தபோது, பனி கொட்டிக் கிடந்த ஒரு விடியற்காலை, ஒரு சிறு பெண் வீட்டு வாசலில் துணி துவைக்கும் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். பீரங்கிப் படைச் சார்ஜெண்டின் மகள் ஆன் ரீட். மணந்தால் இவளைத்தான் என்று அன்றே தீர்மானித்தார்.

அவள் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பும் நாள் வந்தது. தாம் சேமித்து வைத்திருந்த 150 கினியையும் அவளிடம் கொடுத்தார். கஷ்டப்பட வேண்டாம், தேவைக்குச் செலவு செய்துகொள் என்று சொல்லி அனுப்பினார்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு அவரும் திரும்பினார். ஆன் எங்கே இருந்தாள்? ஒரு வீட்டில் வேலைக்காரியாக இருந்தாள். ஆண்டுக்குச் சம்பளம் 5 பவுன். அவரைக் கண்டதும் அவள் ஒன்றும் பேசவில்லை. அந்த 150 கினியை எடுத்து அவர் கையில் வைத்தாள். ஒரு காசு குறையவில்லை! 1792 பிப்ரவரியில் அவர்கள் திருமணம் நடந்தது.

பட்டாளத்தில் இருந்தபோதே காபெட் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். சிப்பாய்களுக்குச் சேர வேண்டியதைச் சில அதிகாரிகள் சுரண்டினார்கள். விடுதலை பெற்று வந்ததும் அவர்கள்மீது புகார் கொடுத்தார். ஆனால், தம்மையே சிக்க வைக்கச் சதி நடக்கிறது என்று அவருக்குப் பட்டது. விசாரணைக்குப் போகாமல் மனைவியோடு பிரான்சுக்குப் போய்விட்டார். ஆறு மாதத்தில் பிரெஞ்சு மொழியைக் கற்றார். அங்கே புரட்சி முற்றவே, அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

வாத்தியாரான சிப்பாய்

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம். புரட்சிக்குப் பயந்து ஓடிவந்த பிரெஞ்சுக்காரர்கள் அங்கே நிறைய இருந்தார்கள். பிழைக்க வேண்டுமானால் ஆங்கிலம் வேண்டும். காபெட் அவர்களுக்கு வாத்தியார் ஆனார்.

வேற்று மொழியைக் கற்பவன் எங்கே தடுமாறுவான் என்பது அவருக்குத் தெரியும். பிரெஞ்சு மொழியில் மேஜை பெண்பால், புத்தகம் ஆண்பால். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பால் இல்லை. இரண்டும் 'இட்'தான். பிரெஞ்சில் கேள்வி கேட்கும் முறை வேறு. ஆங்கிலத்தில் கேள்விக்கும் மறுப்புக்கும் 'டூ' என்ற ஒரு சிறு சொல் வந்து உதவி செய்கிறது. இப்படிப்பட்ட இடங்களில்தான் புதிதாகக் கற்பவன் இடறி விழுவான்.

தமிழர்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. வந்தான், வந்தாள், வந்தது என்று வினைச்சொல்லிலேயே ஆணா பெண்ணா என்பதைத் தமிழ் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் 'கேம்' ஒன்றே. நாயைப் பையன் அடித்தான், பையன் நாயை அடித்தான் என்று தமிழில் எப்படிச் சொன்னாலும் பொருள் ஒன்றுதான். ஆங்கிலத்தில் சொற்களை இடம் மாற்றினால் நாய் பையனை அடித்ததாக ஆகிவிடும்!

பாடம் நடத்திய அனுபவத்தைக் கொண்டு, 1795-இல் காபெட் பிரெஞ்சுக்காரர்களுக்காக ஓர் ஆங்கில இலக்கண நூல் எழுதினார். அது பிரான்சிலும் பரவியது. பாரிசில் பல பதிப்புகள் வந்தன. பள்ளிக்கூட வாசலை அதிகம் மிதிக்காதவர் எழுதிய பாடப் புத்தகம் அது.

இரண்டு பென்னிப் பத்திரிகை

முள்ளம்பன்றி என்று பொருள்படும் ஒரு புனைபெயரில் அவர் அரசியல் கட்டுரைகளும் எழுதத் தொடங்கினார். பெயருக்கு ஏற்ற எழுத்து. யாரைத் தொட்டாலும் குத்தும். ஒரு பெரிய டாக்டரைத் தாக்கி எழுதியதற்காக 5,000 டாலர் நஷ்டஈடு கொடுக்க நேர்ந்தது. 1800-இல் இங்கிலாந்துக்குத் திரும்பினார்.

அப்போது அவர் மன்னர் கட்சி. மந்திரிகள் வரவேற்றார்கள். 1802-இல் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். ஆனால், கிராமங்களில் உழவர்கள் படும் பாட்டைப் பார்க்கப் பார்க்க அவர் மனம் மாறியது. மந்திரிகளின் நண்பர் ஏழைகளின் வக்கீல் ஆனார்.

1809-இல் ஈலி என்ற ஊரில், சம்பளப் பிடித்தத்தை எதிர்த்த உள்ளூர்ப் படை வீரர்களுக்குக் கசையடி கொடுத்தார்கள். ஒரு காலத்தில் பட்டாளத்தில் பசித்து அழுத காபெட்டால் பொறுக்க முடியவில்லை. கடுமையாக எழுதினார். கிடைத்த தண்டனை இரண்டு ஆண்டு ஜெயில், 1,000 பவுன் அபராதம்.

ஜெயிலிலும் அவர் வாத்தியாராகவே இருந்தார். பண்ணையிலிருந்து ஒரு கூடை அவருக்கு வரும். அதில் பூவும் பழமும் இருக்கும். குழந்தைகள் எழுதிய கடிதங்களும் இருக்கும். எந்த வயலில் என்ன வேலை நடந்தது, எந்தச் செடி பூத்தது என்று எழுதியிருப்பார்கள். அவர் தவறாமல் பதில் எழுதுவார். இப்படிக் கடிதம் எழுதியே அவர் பிள்ளைகள் எழுதக் கற்றார்கள்.

அந்தக் காலத்தில் பத்திரிகைகளுக்குக் கடுமையான வரி. காபெட்டின் பத்திரிகை விலை ஒரு ஷில்லிங்குக்கும் மேல். ஏழைகள் எப்படி வாங்குவார்கள்? 1816 நவம்பரில், வரி விழாத வகையில் அதை ஒற்றைத் தாளாக அச்சடித்து 2 பென்னிக்கு விற்றார். குப்பை என்று பெரிய மனிதர்கள் ஏளனம் செய்தார்கள். அந்தக் குப்பை வாரத்துக்கு 40,000 பிரதிகளுக்கு மேல் விற்றது! படிக்கத் தெரிந்த ஒருவன் உரக்கப் படிப்பான். மதுக்கடையிலும் குடிசையிலும் மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

அரசாங்கம் பயந்தது. விசாரணை இல்லாமலே ஆட்களைச் சிறையில் அடைக்க 1817 மார்ச்சில் வழி செய்துகொண்டது. அதே மாதம் காபெட் மறுபடியும் அமெரிக்காவுக்குத் தப்பினார்.

மகனுக்கு எழுதிய கடிதங்கள்

நியூயார்க்குக்கு அருகே லாங் ஐலண்டில் ஒரு பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தார். அங்கே உட்கார்ந்து, தம் பதினான்கு வயது மகன் ஜேம்ஸ் பாலுக்குக் கடிதங்கள் எழுதினார். அந்தக் கடிதங்களே ஓர் ஆங்கில இலக்கண நூல் ஆயின. 1818-இல் நியூயார்க்கிலும், அடுத்து லண்டனிலும் அது வெளிவந்தது.

எத்தனையோ இலக்கண நூல்கள் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

காரணம் இருந்தது. பாராளுமன்றத்தில் ஏழைகளுக்கு ஓட்டு இல்லை. மனு எழுதிப் போடலாம். அவ்வளவுதான். 1793-இல் ஷெபீல்டு நகரத்து மக்கள் தேர்தல் சீர்திருத்தம் கேட்டு ஒரு மனு அனுப்பினார்கள். அதில் மரியாதையான மொழி இல்லை என்று காரணம் காட்டிப் பாராளுமன்றம் அதை ஏற்க மறுத்துவிட்டது. அவர்கள் சொன்னது நியாயமா என்ற கேள்விக்கே இடமில்லை. சொன்ன விதம் சரியில்லை என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

பெரிய மனிதர்களின் மொழி வேறு, கூலிக்காரனின் மொழி வேறு. இலக்கணம் இந்த இரண்டுக்கும் நடுவே எழுப்பிய வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் போகும் வழியைக் காபெட் தாமே பட்டினி கிடந்து கண்டுபிடித்தவர். அந்த வழியை எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தார். சிப்பாய்கள், மாலுமிகள், தொழில் பழகும் பையன்கள், ஏர் ஓட்டும் பிள்ளைகள் ஆகியோருக்காகவே எழுதியது என்று நூலின் முகப்பிலேயே அச்சிட்டார்.

பெயர்ச்சொல் எது, வினைச்சொல் எது என்று தொடங்கி, கையைப் பிடித்து நடத்துவதுபோல் படிப்படியாகச் சொல்லிக்கொண்டு போகிறார். வினைச்சொல்லின் வடிவங்களைக் காட்ட அவர் எடுத்துக்கொண்ட சொல் எது தெரியுமா? 'வொர்க்' என்ற சொல்தான். அதாவது உழைப்பு! நான் உழைக்கிறேன் என்றால் 'ஐ வொர்க்'. அவன் உழைக்கிறான் என்றால் 'ஹி வொர்க்ஸ்'. உழைப்பாளிகளுக்கு அதைவிடத் தெரிந்த சொல் ஏது?

'இட்' என்ற சின்னச் சொல்லைப் பற்றி அவர் கடுமையாக எச்சரிக்கிறார். தமிழில் 'அது' என்பதைப் போன்றது அது. ஊருக்குள் ஆலை வந்தது, ஆறு கெட்டது, அதை உடனே மூட வேண்டும் என்று ஒருவன் மனு எழுதினால் என்ன ஆகும்? எதை மூடுவது, ஆலையையா, ஆற்றையா? மனுவைப் படிப்பவன் சிரிப்பான். நியாயம் தோற்றுப்போகும். ஆகவே, எதைக் குறிக்கிறோம் என்று யோசிக்காமல் அந்தச் சொல்லை எழுதக்கூடாது என்பது காபெட்டின் கட்டளை.

பாடத்திலும் முள்ளம்பன்றி குத்தாமல் இருக்குமா? கூட்டத்தைக் குறிக்கும் பெயர்ச்சொற்களுக்கு அவர் கொடுத்த உதாரணங்களில் பாராளுமன்றமும் இருந்தது, திருடர்களின் குகையும் இருந்தது! இரண்டையும் ஒரே வரிசையில் வைத்துவிட்டார்.

1823-இல் வந்த பதிப்பில் ஆறு பாடங்கள் சேர்த்தார். அவை ராஜதந்திரிகள் பிழையாக எழுதாமல் இருப்பதற்கான பாடங்களாம்! சபாநாயகரின் பேச்சு, மன்னர் உரை, மந்திரி காசில்ரீயின் கடிதம், வாட்டர்லூவில் வென்ற வெல்லிங்டனின் கடிதம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டார். பள்ளிப் பையனின் நோட்டைத் திருத்துவதுபோல், வாக்கியம் வாக்கியமாகப் பிழைகளைக் காட்டினார்.

எந்த இளவரசர்கள் அவன் உடையைப் பார்த்துச் சிரித்தார்களோ, அவர்களுடைய அரண்மனையிலிருந்து வந்த உரையில் அந்தத் தோட்டக்காரப் பையன் பிழை கண்டுபிடித்தான். உழவர்கள் அதைப் படித்துச் சிரித்தார்கள். பிழையாக எழுதுகிறவனுக்கு ஓட்டுக் கிடையாது என்றால், மந்திரிகளுக்கும் கிடையாதே!

நூல் பதினாயிரக் கணக்கில் விற்றது.

கடைசி நாள்

காபெட் குறையில்லாதவர் அல்ல. யூதர்களைப் பற்றியும் கறுப்பு மக்களைப் பற்றியும் அவர் எழுதியவை வெறுக்கத் தக்கவை. இங்கிலாந்தின் ஏழைக்காகக் கொதித்த மனம் அடிமைகளுக்காகக் கொதிக்கவில்லை. அவர் வாழ்க்கையில் அது அழியாத கறை.

1819-இல் தாயகம் திரும்பினார். கடனில் மூழ்கினார், மீண்டு எழுந்தார். குதிரையில் ஊர் ஊராகச் சென்று கிராமங்களின் நிலையை எழுதினார். 1831-இல், கலகம் செய்த கூலி உழவர்களுக்கு ஆதரவாக எழுதியதாக வழக்கு வந்தது. வக்கீல் வைக்கவில்லை. தமக்காகத் தாமே வாதாடினார். ஜூரிகள் ஒரு முடிவுக்கு வர முடியாமல் சரிபாதியாகப் பிரிந்தார்கள். காபெட் விடுதலை ஆனார்.

1832-இல் தேர்தல் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஓல்டம் நகர மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். திருடர் குகைக்குப் பக்கத்தில் தாம் எழுதி வைத்த அதே சபையில், அறுபத்தொன்பது வயதில் அவர் போய் உட்கார்ந்தார்.

1835 ஜூன் மாதம் நோயில் படுத்தார். 18-ஆம் தேதி உயிர் பிரிந்தது. கடைசி நாளில், தம்மை வயலைச் சுற்றித் தூக்கிச் செல்லும்படி கேட்டாராம். தூக்கிச் சென்றார்கள். வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்து, குறை நிறைகளைச் சொல்லிக்கொண்டே போனாராம். பிறந்த ஊரான பார்னத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அவர் பிறந்த வீடான அந்தப் பழைய மதுக்கடைக்குப் பிற்காலத்தில் அவர் பெயரையே வைத்தார்கள்.

கடிதங்களைப் பெற்ற மகன் ஜேம்ஸ் பால் என்ன ஆனார்? வக்கீல் ஆனார். அவரும் தந்தை வழியில் இத்தாலிய மொழிக்கும் லத்தீன் மொழிக்கும் இலக்கண நூல்கள் எழுதினார்.

சாட்டம் கொட்டடியில் தொலைந்த அந்த அரைப் பென்னி பிறகு கிடைக்கவே இல்லை. ஆனால் அன்று பசியோடு படித்த பாடத்தைக் காபெட் தமக்கென்று பூட்டி வைக்கவில்லை. ஏர் பிடிக்கும் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.